நடேசன் தூங்கிய படம்

கையில் மைக் கிடைத்த மனிதனை நம்பவே கூடாது. கல்யாண வீடோ கருமாதி வீடோ, அவன் ‘ஹலோ, ஹலோ’ என்று இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டால், சுற்றி இருப்பவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு நகர்ந்துவிடுவது உத்தமம். இதை நான் இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம் உண்டு. என் இருபத்து மூன்றாவது வயதில் அப்படிப்பட்ட மனிதனாக நானே இருந்தேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு விறகு தள்ளுவது என் வேலை. ஆனால் யாராவது கேட்டால் ‘வாலிபர் மன்றச் செயலாளர் மாணிக்கம்’ என்றுதான் சொல்லிக்கொள்வேன். (மன்றத்தின் மொத்தச் சொத்து, காய் குறைந்த ஒரு கேரம் பலகை, ஒரு மைக் செட், அப்புறம் நான்.) அந்த மைக் செட் வந்த நாளிலிருந்து தோட்டத்தில் நடந்த எந்த விசேஷத்தையும் நான் சும்மா விட்டதில்லை. திருவிழாவில் சாமி புறப்பாடு என்றால், நான் அறிவித்து முடிக்கும்வரை சாமியே காத்திருக்க வேண்டியிருந்தது.

எனக்கு இன்னொரு பதவியும் இருந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். தமிழ்ப் படம் என்றால் பிரச்சினை இல்லை. வெள்ளைக்காரன் படம் வந்தால் மட்டும், படித்தவன் ஒருவன் மைக் முன்னால் உட்கார்ந்து கதையைத் தமிழில் சொல்ல வேண்டும். நான் தானா ராத்தா டவுன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவம் வரை போனவன் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. என் ஆங்கிலம், கடைப் பலகைகளை நின்று நிதானமாகப் படிக்கும் அளவுக்கு இருந்தது. ஆனால் கதை சொல்ல ஆங்கிலம் எதற்கு? குதிரையில் முன்னால் போகிறவன் நல்லவன், பின்னால் துரத்துகிறவன் கெட்டவன். மிச்சத்தை வாய் பார்த்துக்கொள்ளும்.

இனி பச்சையம்மா அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு அடைமழையில் தேயிலைக் காட்டில் மண் சரிந்து, வேலையில் இருந்த மாமாவை மூடிவிட்டது. அதன் பிறகு கொழுந்து பறித்தே இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தவள். மூத்தவள் சரோஜா. இளையவன் நடேசன். சரோஜா எனக்கு முறைப்பெண். அதாவது நான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒருமுறை பேச்சை எடுத்தபோது அத்தை சொன்ன பதில் லைன் வீடுகள் முழுக்கப் பிரசித்தம்.

“சொந்தந்தாண்ணே, இல்லேன்னு சொல்லல. ஆனா வாயத் தவிர வேற எதாச்சும் வேலை செய்யுதா உங்க மவனுக்கு?”

அத்தைக்குச் சகுனம் முக்கியம். எதிரே விறகு வந்தால் எடுத்த காலை உள்ளே வைத்துவிடுவாள். இதில் ஒரு சிக்கல். எங்கள் தொழிற்சாலை அடுப்புக்கு விறகு ஏற்றிக்கொண்டு லோரி தினமும் தோட்டத்துப் பாதையில்தான் வரும். அதனால் அத்தை வெளியூர் போவதே அபூர்வம். திரிங்காப்பில் நடந்த சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்த தட்டோடு கிளம்பி, பாதி வழியில் விறகு லோரியைப் பார்த்துத் திரும்பி வந்து, அந்தப் புடவையோடு ரசம் வைத்தவள் அவள். அந்த விறகை அடுப்பில் தள்ளுகிறவனுக்குப் பெண் கொடுக்க அவள் யோசித்ததில் ஆச்சரியமில்லை.

இந்த நிலையில் நடேசனுக்கு ராணுவத்தில் இடம் கிடைத்தது. எங்கள் தோட்டத்திலிருந்து அப்படிப் போகும் முதல் ஆள். அத்தை போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. “சகுனம் சரியா இருந்தா போவட்டும்” என்று மட்டும் சொன்னாள்.

நடேசன் தொழிற்சாலைக்கு வந்து அடுப்புச் சூட்டில் நின்றபடி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மச்சான், இந்த ஒரு வழிதான் எனக்கு இருக்கு. இத விட்டா சாவுற வரைக்கும் முதுகுல மருந்து டேங்க் மாட்டிக்கிட்டு, கங்காணி கத்துறதக் கேட்டுக்கிட்டு இங்கயேதான் கெடக்கணும். நான் பஸ் ஏறுற வரைக்கும் அம்மா மனசு மாறாம பாத்துக்க. நீ வேற ஒன்னும் செய்ய வேணாம்லா.”

சரி என்று வாக்குக் கொடுத்தேன். ‘வேற ஒன்னும் செய்ய வேணாம்’ என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை.

முதலில் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். விறகு லோரி டிரைவரைப் பார்த்து, நடேசன் கிளம்பும் நாளன்று காலையில் வராதே என்று கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன். லைனில் இருந்த பூனைகளை முதல் நாளே பிடித்து ஸ்டோரில் அடைக்க ஏற்பாடு செய்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு எனக்குக் குடும்பத்தில் ஒரு மரியாதை இருந்திருக்கும். ஆனால் மைக் சும்மா கிடந்தது. வழியனுப்பு விழா, மாலை, அதற்குப் பிறகு திடலில் ஒரு படம் என்று முடிவு செய்தேன். ராணுவத்துக்குப் போகிறவனுக்குச் சண்டைப் படம்தானே பொருத்தம்? துப்பாக்கியும் டாங்கியும் சிங்கம்போல நடக்கிற சோல்ஜர்களும் திரையில் வந்தால் அத்தைக்குப் பெருமை பொங்கும். பெருமை பொங்கினால் சரோஜா எனக்கு. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

ஈப்போவிலிருந்து வேனில் புரொஜெக்டரோடு வரும் படக்காரர் குப்புசாமியிடம், “நல்ல சண்டைப் படமா வேணும்ணே, நெசமான சண்டை மாதிரி இருக்கணும்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் சற்று யோசித்தார். “நெசமான சண்டை மாதிரின்னா ஒன்னு இருக்கு தம்பி. ஆனா ஒரு தடவ பாத்தவங்க மறுபடி கேக்க மாட்டாங்க.”

“ஒரே தடவையில மனசுல பதிஞ்சிடும், அப்படித்தானே?”

“அப்படியும் சொல்லலாம்” என்றார் குப்புசாமி.

விழா மாலையில் நடந்தது. நடேசனுக்குச் சாமந்தி மாலை போட்டு, விபூதி பூசி, முன்வரிசையில் அத்தைக்கும் சரோஜாவுக்கும் நடுவில் உட்கார வைத்தோம். அத்தை கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாயில் சம்மணமிட்டு இருந்தாள். தோட்டமே திடலில் இருந்தது. இருட்டியதும் மலையிலிருந்து பனி இறங்க ஆரம்பித்தது. குப்புசாமி புரொஜெக்டரைத் தட்டினார். நான் மைக்கைத் தட்டினேன்.

திரையில் சேறு தெரிந்தது. கறுப்பு வெள்ளைச் சேறு. சேற்றுக்கு நடுவே நீளமாக வெட்டிய பள்ளம். பள்ளத்துக்குள் கசங்கிய உடையில் பத்துப் பன்னிரண்டு சோல்ஜர்கள் குந்திக்கொண்டு பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிங்கம் எதையும் காணோம். அதுமட்டுமில்லை, அவர்கள் பேசியது ஆங்கிலமே இல்லை. கீழே ஆங்கில எழுத்துகள் ஓடின. நான் முதல் சொல்லை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அந்த வரி போய்விட்டது. காற்றில் துணி வேறு ஆடியது.

செயலாளர் கலங்கலாமா?

“பெரியோர்களே, தாய்மார்களே! நாட்டைக் காக்கப் புறப்பட்ட வீரர்கள் இவர்கள்! அதோ, நடுவிலே சிரித்த முகத்தோடு இருக்கிறாரே, அவர்தான் நமது கதாநாயகன். அவருடைய பெயர்… நடேசன்!”

திடல் அதிர்ந்தது. விசில், கைத்தட்டல். நடேசன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தான். அத்தை சிரித்தாள். சரோஜா திரும்பி என்னைப் பார்த்தாள். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த நிமிடம் அது. ஒரு நிமிடம்தான் நீடித்தது.

சிரித்த முகத்துக்காரன் சிகரெட் பற்ற வைத்தான். பள்ளத்துக்கு மேல் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தான். எங்கோ ‘டப்’ என்று ஒரு சத்தம். அவன் சரிந்து உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

நாங்கள் பார்த்த படங்களில் குண்டு பட்டவன் அம்மாவைப் பற்றியும் தங்கையைப் பற்றியும் நீளமாக வசனம் பேசாமல் செத்ததில்லை. இவனுக்கு வசனம் இல்லை, இசைகூட இல்லை. பக்கத்தில் இருந்தவன் அவன் விரலிலிருந்து சிகரெட்டை எடுத்து, தானே இழுக்க ஆரம்பித்தான். கதாநாயகன் படம் தொடங்கிய உடனே சாவானா? அதுவும் நான் பெயர் வைத்த கையோடு?

“என்னாச்சி நடேசனுக்கு?” இருட்டிலிருந்து யாரோ கேட்டார்கள்.

சகுனம்! அத்தையின் சிரிப்பு உதட்டிலேயே உறைந்திருந்தது. மாலை போட்ட மகன் பக்கத்தில் இருக்க, திரையில் அவன் பெயர்க்காரன் செத்துக் கிடக்கிறான்.

“தூங்குறார்!” என்றேன் மைக்கில். “ராத்திரி பூரா கண் விழிச்சுக் காவல் காத்த களைப்பு. அதோடு, ஒரு சின்னத் திருத்தம். இவர் நடேசனின் நண்பர் கோவிந்தன். உண்மையான நடேசன் இதோ, தாடிக்காரர்!”

வீராசாமி கங்காணி பின்வரிசையிலிருந்து கத்தினார். “ஏன்டா, இப்பத்தான அவன நடேசன்னு சொன்ன? அதுக்குள்ள ஆள மாத்திட்டியா? என்னா, எலெக்சனா நடக்குது?”

எல்லோரும் சிரித்தார்கள். தப்பித்தேன் என்று நினைத்தேன். தாடிக்கார நடேசன் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போனான். பெரிய சத்தம், புகை. புகை கலைந்தபோது வாளி இருந்தது. நடேசன் இல்லை.

“நடேசன் மாற்றலாகி வேறு இடத்துக்குப் போயிட்டார்” என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. “இப்போ அந்தப் பொறுப்பை எடுத்துக்கிறவர், கண்ணாடி போட்டவர்.”

கண்ணாடி போட்டவனை அடுத்த காட்சியில் தூக்குக்கட்டிலில் தூக்கிக்கொண்டு போனார்கள். போர்வைக்கு அடியில் ஒரு கால் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. முள் குத்திவிட்டது என்றேன். அவனுக்குப் பிறகு ஒரு குட்டையன், அவனுக்குப் பிறகு ஒரு வழுக்கைத் தலையன். நான் ‘நடேசன்’ என்று யாரைக் காட்டினாலும் அவன் கதை முடிந்தது. எமன்கூட என் மைக்கைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதுபோல் இருந்தது. ஒருவனுக்கு நெற்றியிலிருந்து ரத்தம் வழிய, குங்குமம் என்று சொல்லிவிட்டேன். (ஆம், வெள்ளைக்கார சோல்ஜருக்கு.) ஒரு பையன் சேற்றில் உட்கார்ந்து வாயைத் திறந்து அழுதான். அவன் யாரைக் கூப்பிடுகிறான் என்பது எந்தப் பாஷைக்காரனுக்கும் புரியும். நான் சளி பிடித்திருக்கிறது என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஒரே ஒரு காட்சிக்கு என் உதவி தேவைப்படவில்லை. பதக்கம் குத்திய அதிகாரி ஒருவர் காரில் வந்தார். இறங்கினால் காலில் போட்ட சப்பாத்தில் சேறு படும் என்று கண்ணாடியை மட்டும் இறக்கி, எதிரே இருந்த மேட்டைக் கையால் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். சோல்ஜர்கள் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். “ஏய், நம்ம துரைடா அது!” என்று ஒரு பெண் குரல் சொல்ல, திடல் மொத்தமும் கொல்லென்று சிரித்தது. மேட்டுக்கு ஓடியவர்கள் விழ விழச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்து நின்றது.

நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் குப்புசாமியிடம் ஓடினேன்.

“அண்ணே, நிறுத்துங்கண்ணே!”

“எதுக்குத் தம்பி? இனிமேதான் படம்.”

“எல்லாரும் செத்துக்கிட்டே இருக்காங்களே!”

“அதான் படம்” என்றார் குப்புசாமி. “இத்தன வருசத்துல இந்த ரீல முழுசா ஓட்ட உட்டதே இல்ல யாரும். இன்னைக்கித்தான் ஒருத்தரும் எந்திரிக்காம பாக்குறாங்க. நான் நிறுத்த மாட்டேன்.”

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வெற்றிலை மெல்லும் வாய்கள்கூட நின்றிருந்தன. நடேசன் மாலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வப்போது பனி கனமாக வந்து திரையை மறைத்தது. அந்த நேரங்களில் மட்டும் அது நல்ல படமாக இருந்தது. முருகா, இந்தப் பனியை இப்படியே வைத்திரு என்று வேண்டிக்கொண்டேன். பனி விலகியது.

திரையில் மழை. எல்லாம் உடைந்துகொண்டிருந்தது. பின்னால் இருந்தவர்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களைத் தடுக்க வந்தவர்களும் ஓடினார்கள். பள்ளத்தில் மிஞ்சியிருந்தவர்களில் மீசை முளைக்காத ஒருவன்தான் அப்போதைய நடேசன். வேறு ஆள் இல்லை எனக்கு. அவன் மண்சுவரில் சாய்ந்து மழைக்கு ஒதுங்கி இருந்தான். பக்கத்தில் எங்கோ குண்டு விழுந்தது. அந்தச் சுவர் ஒரு பக்கமாக மெல்ல வழிந்து இறங்கியது. அவன் இருந்த இடத்தில் மண் இருந்தது. இரண்டு பேர் ஓடி வந்து வெறுங்கையால் தோண்டினார்கள். தோண்டித் தோண்டி அவன் முகத்தை வெளியே எடுத்து, வாயில் இருந்த சேற்றை விரலால் வழித்தார்கள்.

என் வாய் மட்டும் நிற்கவில்லை. அதற்கு மூளையின் அனுமதி என்றைக்கும் தேவைப்பட்டதில்லை.

“குளிருக்கு அடக்கமா மண்ணைப் போர்த்திக்கிட்டு, நல்லா தூங்குறார் நம்ம நடேசன்!”

மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அதைச் சொல்லி, எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மண் சரிவு. மாமா. தோட்டத்தில் எல்லோருக்கும் அதே நேரத்தில் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எல்லாத் தலைகளும் அத்தை பக்கம் திரும்பின. எனக்கு அப்படியே நிலம் பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது. போனாலும் மண்ணுக்குள்தான் போக வேண்டும் என்று தோன்றி இன்னும் வெட்கமாகிவிட்டது.

அத்தை எழுந்தாள். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் குறுக்கே நடந்து வந்தாள். அவள் நிழல் திரை முழுக்க விழுந்து, தோண்டுகிறவர்களை மறைத்தது. என் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. மைக் திறந்தே இருந்ததால் அவள் மெதுவாகச் சொன்னது திடல் முழுக்கக் கேட்டது.

“ஒங்க மாமாவ மண்ணுலேருந்து எடுத்தப்பவும் தூங்குற மாதிரிதான்டா இருந்தாரு.”

அவள் திரையைக் கையால் காட்டினாள்.

“எனக்குக் கண்ணு இருக்கு, மாணிக்கம். மைக்க வையி.”

வைத்தேன். அவள் குப்புசாமியைப் பார்த்து, “நீங்க ஓட்டுங்க” என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் கதை சொல்லவில்லை. சொல்லாததால் கதை நன்றாகவே புரிந்தது. கடைசியில், தோண்டிய இருவரில் ஒருவன் எழுந்து நின்றான். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அங்கேயும் இங்கேயும் பார்த்தான். அத்தோடு துணி வெள்ளையாகிவிட்டது. ‘சுபம்’ என்று வரும் என்று எல்லோரும் சற்று நேரம் காத்திருந்தோம். வரவில்லை.

பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றினார்கள். அத்தை மகன் பக்கம் திரும்பினாள்.

“டேய், இதான் நீ போற வேலையா?”

“தெரியலம்மா” என்றான் நடேசன். அவன் முகம் வெளுத்திருந்தது. “இப்படி இருக்கும்னு எனக்கும் யாரும் சொல்லல.”

“இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல. போறியா?”

அவன் கையிலிருந்த மாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மாட்டேன் என்று சொல்லிவிடு நடேசா என்று நான் மனதுக்குள் கத்தினேன். அவனைப் பஸ் ஏற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்தவன் நான்தான். அப்போது எனக்கு வாக்கும் வேண்டாம், சரோஜாவும் வேண்டாம், அவன் போகாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

“அப்பா என்னா சண்டைக்குப் போயா செத்தாரு?” என்றான் நடேசன். “நான் போறேம்மா.”

அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“நீதானே மாலை போட்டு, மைக்கு வச்சி அனுப்பிவைக்கிற? இனிமே தெனமும் என்கிட்ட வந்து நீதான் சொல்லணும்.”

“என்னா சொல்லணும் அத்தை?”

“எம்மவன் முழிச்சிருக்கானா, தூங்குறானான்னு சொல்லு.”

மறுநாள் காலை நடேசனை அழைத்துக்கொண்டு தோட்டத்து வாசல் வரை போனோம். அங்கே விறகு லோரி எதிரே வந்து நின்றது. (டிரைவர் என்னிடம் ஒப்புக்கொண்டதைச் சுத்தமாக மறந்துவிட்டான்.) ஏறக்குறைய மலை உயரத்துக்கு விறகு. எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அத்தை லோரியைப் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவரிடம் போனாள்.

“தம்பி, வெறக எறக்கிட்டு தானா ராத்தா பக்கமாத்தானே போவ? இவன பஸ் ஸ்டேசன்ல எறக்கிவுட்டுடுறியா? நேரமாச்சி.”

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. “அத்தை, வெறகு…” என்று இழுத்தேன்.

“வெறகு யாரடா கொன்னுச்சி?” என்றாள்.

நடேசன் அந்த லோரியில்தான் ராணுவத்துக்குப் போனான். முன் சீட்டில், சட்டையில் மரப்பட்டைத் தூசி ஒட்டியபடி. ஸ்டோரில் அடைத்த பூனைகளை அன்றைக்கு மத்தியானம்தான் நான் திறந்துவிட்டேன்.

அதன் பிறகு தினமும் மாலை கொழுந்து நிறுக்கும் இடத்தில் நான் ஆஜராக வேண்டும். அத்தை முதுகுக் கூடையை இறக்கியதும் கேட்பாள்.

“முழிச்சிருக்கானா?”

“முழிச்சிருக்கான் அத்தை.”

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அவன் எல்லைப் பக்கத்துக் காட்டில், கம்யூனிஸ்டுகளைத் தேடும் படையில் எங்கோ இருந்தான். ஆனாலும் சொன்னேன். மழையில் சொன்னேன், காய்ச்சலோடு சொன்னேன். மற்ற பெண்கள் கொழுந்தை நிறுக்கக் கொடுத்துக்கொண்டே, “இன்னைக்கி என்னா சொல்றாரு ரேடியோக்காரரு?” என்று சிரிப்பார்கள். சரோஜாவும் சிரிப்பாள்.

ஒரு நாள் வானொலிச் செய்தியில் எல்லைக் காட்டில் சோல்ஜர்கள் சிலர் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். பெயர் சொல்லவில்லை. அன்று மாலை நான் போனேன். அத்தை கூடையை இறக்கிவிட்டுக் கேட்டாள். வாயைத் திறந்தேன். பொய்யும் வரவில்லை, உண்மையும் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“தெரியலன்னு சொல்லு” என்றாள். “அது போதும்.”

“தெரியல அத்தை” என்றேன். அழுதுவிட்டேன்.

தோட்டத்துத் தலைமைக் கணக்கரான பெரிய கிராணியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஆபீஸ் டெலிபோனில் யார் யாரையோ கூப்பிட வைத்து, அவன் வேறு முகாமில் பத்திரமாக இருக்கிறான் என்று தெரிவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஓடிப்போய்ச் சொன்னேன். அத்தை தலையை ஆட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அந்த வாரமே அப்பாவிடம் வந்து, தையில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். என் வாழ்நாளில் நான் பேசாமல் நின்ற ஒரே நாளுக்காக எனக்குப் பெண் கிடைத்தது. (கல்யாணத்தில் மைக் கிடையாது என்பது நிபந்தனை. மேளம் மட்டும்தான்.)

நடேசன் முதல் விடுமுறையில் வந்தபோது ரயிலும் பஸ்ஸுமாக அலைந்து, கண் சொருகிப்போய் வந்தான். சோற்றைக்கூடச் சரியாகச் சாப்பிடாமல் பாயில் விழுந்தான். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அவன் குறட்டை விட ஆரம்பித்ததும் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“டேய் நடேசா!”

அவன் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தான். “என்னம்மா?”

“ஒன்னுமில்ல. நீ தூங்கு.”

மறுபடி தூங்கினான். மறுபடி உலுக்கினாள். விடுமுறை முழுக்க இதே கதை. “ட்ரெய்னிங்லகூட என்னைய இப்படிப் போட்டுப் பாடுபடுத்தலலா மச்சான்” என்று என்னிடம் புலம்பினான். தூக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவான். அத்தை அங்கேயும் வந்துவிடுவாள். முகாமுக்குத் திரும்பினால்தான் தூங்க முடியும் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்த ஒரே சோல்ஜர் அவனாகத்தான் இருப்பான்.

அவன் முழுக் காலமும் வேலை பார்த்து, உடம்பில் கீறல் இல்லாமல் ஓய்வு பெற்று வந்துவிட்டான். இப்போது கோலா தெர்லாவில் கோஸ் தோட்டம் போட்டிருக்கிறான். தொப்பை விழுந்து, தலை நரைத்து, பேரப்பிள்ளையும் எடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அவன் வீட்டில் கூடினால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடுவான். அத்தைக்குக் கண் பார்வை போய்விட்டது. ஆனால் குறட்டைச் சத்தத்தை வைத்து ஆள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். சுவரைத் தடவிக்கொண்டு வந்து கைத்தடியால் அவன் தொப்பையில் ஒரு குத்து குத்துவாள். பிள்ளைகள் எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள்.

“முழிச்சிருக்கேம்மா” என்பான் நடேசன், கண்ணைத் திறக்காமலேயே.

அதைக் கேட்ட பிறகுதான் அத்தை போய்ப் படுப்பாள்.